குத்தின் விசை குதிகாலில் பிறக்கிறது

(இளைஞர் உடற்பயிற்சி மன்றம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இலக்கணம் கற்பிக்கும் ஒருவனுக்குக் குத்துச்சண்டை மேடையில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறன்று. கல்லூரி நாள்களில் ஈராண்டுக் காலம் கையுறை அணிந்தவன் நான். வென்றதைவிடத் தோற்றதே மிகுதி. ஆயினும் தோற்றவனுக்குத் தான் ஏன் தோற்றோம் என்று எண்ணிப் பார்க்கும் ஓய்வு நிறையக் கிடைக்கிறது. அவ்வாறு எண்ணியவற்றையும், பின்னர்ப் படித்தறிந்தவற்றையும் உங்கள்முன் வைக்கவே வந்துள்ளேன்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவன் சில திங்களுக்கு முன் வலக்கையில் மாவுக்கட்டுடன் என் வீட்டுக்கு வந்தான். சுண்டுவிரலுக்கு அடியிலுள்ள எலும்பு முறிந்திருந்தது. “ஐயா, ஓராண்டாக இரும்பு தூக்குகிறேன். தோளும் புயமும் பருத்துவிட்டன. ஆனாலும் என்னைவிட மெலிந்தவன் அடிக்கும் அடி என் குத்தில் இல்லை. சினத்தில் மூட்டையை ஓங்கிக் குத்தினேன். கை போயிற்று” என்றான். அவன் கண்ணில் நீர் நின்றது. மாவட்டப் போட்டிக்கு அப்போது மூன்று கிழமையே இருந்தது. இன்றைய என் பேச்சு முழுவதும் அவனுக்கு நான் சொன்ன விடைதான்.

புயம் பருத்தால் குத்து வலுக்கும் என்னும் நம்பிக்கையை முதற்கண் களைதல் வேண்டும். 1919ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துத் தொலிடோ நகரில் உலகப் பெரும் எடைப் பட்டத்திற்கான போட்டி நிகழ்ந்தது. பட்டத்தை வைத்திருந்தவர் செசு வில்லர்டு. உயரம் ஆறரை அடி. எடை ஏறத்தாழ 111 கிலோகிராம். எதிர்நின்ற சாக் தெம்ப்சி ஏறத்தாழ 85 கிலோகிராமே இருந்தார். இருவருக்கும் இடையே ஓர் இளஞ்சிறுவனின் எடை வேறுபாடு! அங்ஙனமிருந்தும் முதற்சுற்றிலேயே வில்லர்டு ஏழு முறை தரையில் வீழ்ந்தார். மூன்று சுற்றுக்குமேல் அவரால் எழுந்து வர இயலவில்லை.

இந்தத் தெம்ப்சி 1950இல் தம் கலையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் அதில் தலைமையாக வலியுறுத்துவது கையை அன்று, காலடியை. நேர்க்குத்து விடும்போது முன்காலைச் சற்றே தூக்கி உடலை முன்னோக்கி விழவிடுக. விழுகின்ற அவ்வெடை தரையைத் தொடுமுன் முட்டி இலக்கைத் தொட்டுவிட வேண்டும் என்பது அவர் முறை. மலையிலிருந்து உருளும் பாறைக்குப் புயமில்லை; எடையும் வீழ்ச்சியும் உண்டு. அதுவே அவர் கருத்தின் சாரம்.

தமிழில் ‘குத்து’ என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். நெல் குத்துதலும் குத்துதான். உரலின்முன் நின்று உலக்கை பிடித்த நம் பாட்டிமாரைப் பார்த்தவர் இங்கே சிலரேனும் இருப்பீர்கள். அவர்களின் கைகள் மெலிந்தவை. உலக்கையை உயர்த்தும்போது குதிகாலும் உயரும். இறங்கும்போது முழங்காலும் இடுப்பும் சேர்ந்து இறங்கும். உலக்கை இறங்கும் வழியில் பிடி தளர்ந்திருக்கும். நெல்லைத் தொடுமிடத்தில்தான் பிடி இறுகும். வழிநெடுக இறுகப் பிடிப்பவள் பத்துக் குத்தில் களைத்துப் போவாள். குத்துச்சண்டையின் பாதி நுணுக்கம் அந்த உரலடியிலேயே உள்ளது.

இது பாட்டிக் கதையன்று, அளந்தறிந்த உண்மை. சோவியத்து நாட்டு ஆய்வாளர்கள் தொடக்கநிலையினர் முதல் தேர்ந்த வீரர் வரை 120 குத்துச்சண்டையரின் நேர்க்குத்தைப் பகுத்துப் பார்த்தனர். 1980களில் அம்முடிவு வெளிவந்தது. தேர்ந்தவர்களின் குத்தில் கால் உந்துதலின் பங்கு ஏறத்தாழ 38 விழுக்காடு. உடல் திருகுதலின் பங்கு 37. கை நீட்டலின் பங்கு 24 மட்டுமே. கீழ்நிலையினரிடமோ காலின் பங்கு ஏறத்தாழ 16 விழுக்காடாகக் குறைந்து, கையின் பங்கு 38ஆக ஏறியிருந்தது. இவ்வெண்களை என் மாணவனுக்கு எழுதிக் கொடுத்தேன். “ஐயா, நான் ஓராண்டாகக் கால்பங்கை வளர்ப்பதற்கே உழைத்திருக்கிறேன்” என்றான். கணக்கில் அவன் எப்போதும் கெட்டிக்காரன்.

இன்னோர் அளவையும் கேளுங்கள். பிராங்கு புருனோ என்னும் ஆங்கிலப் பெரும் எடை வீரரின் குத்தை அளந்து 1985இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். அவர் முட்டி அரை மீட்டர்த் தொலைவைப் பத்தில் ஒரு நொடியில் கடந்து, நொடிக்கு 8.9 மீட்டர் விரைவில் இலக்கைத் தாக்கியது. உச்ச விசை 4096 நியூட்டன். ஆறு கிலோகிராம் எடையுள்ள மரச்சுத்தியலை மணிக்கு 32 கிலோமீட்டர் விரைவில் வீசினால் எத்தகைய அடியோ அத்தகைய அடி அது. இங்கே இரண்டு செய்திகள் உள்ளன: ஒன்று விரைவு, மற்றொன்று அந்த ஆறு கிலோகிராம். அந்நிறை வெறும் முட்டியின் நிறையன்று. தாக்கும் நொடியில் முட்டிக்குப் பின்னே உடல் இறுகி நின்றமையால் வந்து சேர்ந்தது. விரைவும் வேண்டும், தாக்குமிடத்தில் உடல் இறுகவும் வேண்டும்.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்லவா என்று கேட்பீர்கள். ஆம், இறுகிய தசை விரையாது, தளர்ந்த தசை தாங்காது. கனடா நாட்டு ஆய்வாளர் சுடூவர்ட்டு மெக்கில் 2010இல் தேர்ந்த சண்டை வீரர்களின் தசைகளில் மின்வாய்கள் பொருத்திப் பார்த்தார். அவர்களின் தசை புறப்படும்போது ஒருமுறை இறுகுகிறது, வழியில் தளர்கிறது, தொடும் கணத்தில் மீண்டும் இறுகுகிறது. பாட்டியின் உலக்கைப் பிடி!

இனிப் பயிற்சிக்கு வருவோம். வலக்கை நேர்க்குத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்; அது விளங்கினால் பிற எளிதில் விளங்கும். பின்காலின் முன்பாதத்தால் தரையைத் தள்ளுக. குதிகால் எழுந்து வெளிப்புறமாகத் திரும்பட்டும். அதனைத் தொடர்ந்து இடுப்பு, அதன்பின் தோள், கடைசியாகக் கை. ஒன்றன் விரைவு உச்சத்தை எட்டும்போது அடுத்தது கிளம்ப வேண்டும். பலர் கையை முதலில் நீட்டிவிட்டு இடுப்பைப் பின்னர்த் திருப்புகின்றனர். வண்டி போனபின் மாட்டைப் பூட்டுவது போன்றது அது. முட்டியைப் பின்னுக்கு இழுத்து ஓங்குவதும் வேண்டா. எதிராளிக்கு மடல் எழுதி அறிவிப்பதற்கு ஒப்பாகும். கண்ணாடிமுன் நின்று மெதுவாக, மிக மெதுவாக, நாளும் நூறு முறை இவ்வரிசையைப் பழகுங்கள். சலிப்பாக இருக்கும். சலிக்கட்டும்.

இரும்பு தூக்குதலை நான் வெறுக்கவில்லை. இடம் மாறியிருப்பதையே குறை சொல்கிறேன். தோளில் எடை சுமந்து உட்கார்ந்து எழுதலும், தரையிலிருந்து எடை தூக்குதலும் காலையும் இடுப்பையும் வலுப்படுத்தும். கிழமைக்கு இருமுறை, குறைந்த எண்ணிக்கையில், செவ்விய முறையில், பயிற்றுநர் கண்முன் செய்தால் போதும். உடல் பருக்காமலும் வலிமை கூடும்; நரம்பு தசையை ஏவக் கற்றுக்கொள்வதால் அது நிகழ்கிறது. எடைப்பிரிவு மாறிவிடுமோ என்று அஞ்சுவோர்க்கு இஃது ஆறுதல். ஆனால் மெல்லத் தூக்கும் வலிமை மட்டும் குத்தாகாது. அதனை விரைவாக மாற்றத் துள்ளிக் குதித்தலும், மூன்று நான்கு கிலோ எடைப்பந்தை இடுப்பைத் திருகிச் சுவரில் எறிதலும் வேண்டும். தண்டாலில் கை தரையைவிட்டு எழும்பும்படி உந்துவதும் நன்று.

கையில் இரும்புக் குண்டுகளைப் பிடித்துக்கொண்டு காற்றில் குத்துவோரை எங்கும் காண்கிறேன். அதை விட்டுவிடுங்கள். குண்டின் எடை கீழ்நோக்கி இழுக்கிறது. உங்கள் குத்தோ முன்னோக்கிச் செல்கிறது. தோள்மூட்டு நோவதும் குத்தின் தடம் கெடுவதுமே மிச்சம்.

மூட்டையில் விசைக்காகப் பயிலும்போது களைப்பு வரும்வரை அடிக்காதீர்கள். நான்கைந்து குத்து, முழு விசையோடு. பின்னர் ஒரு மணித்துளி ஓய்வு. மூச்சுத் தாங்கும் பயிற்சி வேறு. விசைப் பயிற்சி வேறு. இரண்டையும் ஒரே பானையில் இட்டுக் கிண்டினால் இரண்டும் வேகா.

என் மாணவனின் கை முறிந்தது ஏன்? வலிமை குறைந்தமையால் அன்று, முட்டி கோணியமையால். தெம்ப்சி, தோளிலிருந்து சுண்டுவிரல் வரை ஓடும் கோடே வலிய கோடு என்று எழுதினார். பெருவீரரோடு மாறுபடத் தயக்கமே. எனினும் பயிற்றுநர் பலர் சுட்டுவிரல், நடுவிரல் கணுக்களால் தாக்கச் சொல்வதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. சுண்டுவிரலடி எலும்பு மெல்லியது. அங்கு முறிவு மிகுதியாக நேர்வதால் மருத்துவர் அதற்குக் ‘குத்துச்சண்டையர் முறிவு’ என்றே பெயரிட்டுள்ளனர். கைத்துணி சுற்றாமல், மணிக்கட்டை நேராக நிறுத்தாமல், மூட்டையைத் தொடாதீர்கள். சினம் வந்த நாளில் தொடவே வேண்டா.

விசை மட்டுமே வீழ்த்துவதுமன்று. 1994 நவம்பர் 5ஆம் நாள் சார்சு போர்மன் தம் 45ஆம் அகவையில் மைக்கேல் மூரரைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். அதுவரை புள்ளியில் பின்தங்கியிருந்தார். வீழ்த்திய வலக்குத்து குறுகியது, பெரிதாக ஓங்கப்பட்டதன்று. எதிராளி எதிர்பாராத நொடியில் தாடையைச் சேர்ந்தது. எதிராளி முன்வரும்போது சேரும் குத்தில் அவன் விரைவும் உங்கள் கணக்கில் வரவாகிறது.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத் தயங்கினால் நான் ஆசிரியன் அல்லன். இவ்விசையெல்லாம் போய்ச் சேருமிடம் ஒரு மனிதனின் தலை. குத்துண்டு குத்துண்டு மூளை கெட்டவர்களைப் பற்றி மார்ட்டுலாந்து என்னும் அமெரிக்க மருத்துவர் 1928லேயே எழுதினார். மூளைக்கு நேரும் ஊறு போட்டி மேடையில் மட்டும் நிகழ்வதன்று; பயிற்சிக் கூடத்தில், நண்பனின் கையுறையாலும் நிகழ்கிறது. உங்கள் புதிய விசையை உடன் பயில்வோன் தலையில் அளந்து பார்க்காதீர்கள். அதற்கு மூட்டை இருக்கிறது. தலை சுற்றியது, ஒளி கண் கூசியது, நினைவு தடுமாறியது என்று ஒருவன் சொன்னால், மருத்துவர் இசைவு தரும்வரை அவனைக் கையுறை அணிய விடாதீர்கள். கோழை என்று அவனை நகைப்பவனையும் அன்றே வெளியே அனுப்புங்கள்.

என் மாணவன் மாவட்டப் போட்டிக்குப் போகவில்லை. அழுதான், பின்னர் ஓய்ந்தான். கட்டு அவிழும்வரை அவனுக்குக் கையே இல்லை என்று கொள்ளச் சொன்னேன். நாள்தோறும் மாலையில் என் வீட்டு முற்றத்தில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து, பாதமும் இடுப்பும் திரும்புவதை மட்டும் பழகினான். சென்ற கிழமை மருத்துவர் இசைவு தந்துவிட்டார். வரும் ஞாயிறு காலை துணி சுற்றி, மெல்ல மூட்டையைத் தொடப் போகிறான். நானும் செல்கிறேன். அவன் முட்டியைப் பார்க்கப் போவதில்லை, குதிகாலைத்தான்.