கையில் இருக்கும் படம்



கல்லூரியில் விஸ்காம் மாணவர்களுக்கு சினிமா ரசனை சொல்லிக்கொடுப்பது என் வேலை. "இன்னுமா சார் டிவிடி வாங்குறீங்க?" என்று ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

ஓடிடி வந்தது நல்லதுதான். ஈரானியப் படம், கொரியப் படம் எல்லாவற்றையும் என் மாணவர்கள் பேருந்தில் வரும்போதே பார்த்துவிடுகிறார்கள். என் காலத்தில் அதற்கெல்லாம் சென்னைக்கு ரயிலேறி, திரைப்பட விழாவில் வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் நாம் அங்கே கட்டுவது சந்தா. உரிமம் முடிந்தாலோ எதிர்ப்பு வந்தாலோ படம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். 'அன்னபூரணி' படம் 2023 டிசம்பரில் திரையரங்குக்கு வந்தது. அந்த மாதக் கடைசியிலேயே நெட்ஃப்ளிக்ஸிலும் ஏறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் 2024 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். பாதி பார்த்து வைத்தவர்கள் மீதியைப் பார்க்க வழியில்லாமல் போனது.

என் வகுப்பிலும் இப்படி நடந்தது. இயக்குநர் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' படத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தேன். 1979-இல் வந்த படம், ஒளிப்பதிவு அசோக் குமார். ஒரு தளத்தில் பார்த்துக் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். வகுப்பன்று திறந்தால் படத்தைக் காணோம். மறுநாள் ஒரு மாணவி, அப்பா பீரோவில் பத்திரமாக வைத்திருந்த விசிடியைக் கொண்டுவந்தாள். விசிடியில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் பிடிக்கும் என்பதால் இரண்டு சிடி. பெரிய திரையில் போட்டபோது முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. இருந்தாலும் கடைசி ஆற்றங்கரைக் காட்சியை நிறுத்தினோம், பின்னால் ஓட்டினோம், மறுபடி போட்டோம். ஊரார் எங்கே நிற்கிறார்கள், குழந்தைகளை எப்போது காட்டுகிறார் என்று மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். டிவிடி ரிமோட்டில் 'ஆடியோ' என்று ஒரு பொத்தான் இருக்குமே, நினைவிருக்கிறதா? மொழி மாற்றத்தான் பலரும் அதை அழுத்தியிருப்பீர்கள். நல்ல வெளியீடுகளில் அதை அழுத்தினால் நடிகர்களின் குரல் அடங்கிவிடும். இயக்குநரோ ஒளிப்பதிவாளரோ படம் ஓட ஓடக் கூடவே பேசிக்கொண்டு வருவார். இந்த ஷாட்டுக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது, அன்று மழை வந்து என்ன ஆனது, எந்தக் காட்சியை வெட்டினோம், ஏன் வெட்டினோம் எல்லாம் அதில் வரும். அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் 1984-இல் 'கிங் காங்' படத்தை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டபோது திரைப்பட வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹேவர் இப்படிப் பேசியதுதான் தொடக்கம். ஓடிடியில் இது அபூர்வம்.

அதே நிறுவனம் 2015-இல் சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களை ப்ளூ-ரேயில் கொண்டுவந்தது. அமெரிக்க டிஸ்க் நம் ஊர் பிளேயரில் ஓடாது, பிராந்தியப் பூட்டு உண்டு. எல்லாப் பிராந்திய டிஸ்க்கும் ஓடும் பிளேயர் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினேன், நேயர்களே. அந்தப் படங்களின் மூல நெகடிவ்கள் 1993-இல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீவிபத்தில் சிக்கியவை. இனி எதற்கும் உதவாது என்று எண்ணப்பட்டவற்றை அமெரிக்காவின் அகாடமி ஆவணக் காப்பகம் தூக்கி எறியாமல் வைத்திருந்தது. பிறகு இத்தாலியின் பொலோன்யா நகரில், காய்ந்து மொறுமொறுவென்று ஆகியிருந்த பிலிமைக் கரைசலில் இளக்கி, கிழிந்த துளையோரங்களைக் கையால் ஒட்டி, ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்தார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் சுமார் 40 விழுக்காடு இப்படி மூல நெகடிவிலிருந்தே மீண்டது. அந்த வேலை நடந்த விதத்தையும் அதே பெட்டியில் படமாக வைத்திருக்கிறார்கள். அதை வகுப்பில் போட்டேன். எடிட்டர் ஆகப்போகிறேன் என்றிருந்த ஒரு மாணவர், மறுவாரம் படப் பாதுகாப்புப் பயிற்சிக்கு எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றார்.

இப்படிப் படைப்பாளிகளின் பேச்சையும் படத்தோடு சேர்த்துத் தர நம் ஊரிலும் வாய்ப்பு இருந்தது. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றது. மளிகைக் கடையில்கூடத் தொங்கின. படம் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் படம் மட்டும்தான். அசோக் குமார் 2014-இல் போய்விட்டார், மகேந்திரன் 2019-இல். இருவரையும் ஓர் அறையில் உட்காரவைத்து 'உதிரிப்பூக்கள்' ஓட ஓடப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருந்தால்! அப்படி ஒரு பதிவை நான் எங்கும் பார்த்ததில்லை. எனக்கு ஆறவே ஆறாத குறை இது.

 வீட்டில் பழைய டிஸ்க் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெயிலும் ஈரமும் படாமல் நிறுத்தி அடுக்குங்கள். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு போய்ப் படத்தைக் கெடுக்கும். வேண்டாமென்றால் பக்கத்துக் கல்லூரி நூலகத்துக்குக் கொடுங்கள். நம்மிடையே இன்றும் இருக்கிற மூத்த இயக்குநர்களையும் ஒளிப்பதிவாளர்களையும் அவர்கள் படத்தின் முன்னால் உட்காரவைத்துப் பேச வைக்க, யாராவது ஒரு மைக்கோடு சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று விரும்பி விடைபெறுகிறேன்.