மணமகளின் கையெழுத்து எங்கே?

(கல்முனையில் ஆண்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

வாப்பாமாரே, காக்காமாரே, தம்பிமாரே! பெண் உரிமை என்று நோட்டீசில் போட்டிருந்தும் இத்தனை ஆண்கள் வந்திருக்கிறீர்கள். நல்லது. இன்றைக்கு எனக்கு உங்களோடுதான் கணக்கு.

போன கிழமை நம்முடைய பகுதியில் ஒரு காவின், அதாவது திருமணப் பதிவு. மணமகள் ஆசிரியை. காலையில் பாடசாலைக்குப் போனால் வரவுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்கிறவள். வகுப்புப் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையில் அவள் கையெழுத்து இல்லாவிட்டால் அதிபரே வாங்கமாட்டார். அப்படிப்பட்டவளுடைய காவின் புத்தகம் விரிந்தது. மாப்பிள்ளை போட்டார். வலியாக, அதாவது பெண்ணின் பாதுகாவலராக, வாப்பா போட்டார். சாட்சிகள் போட்டார்கள். பதிவாளர் போட்டார். "புள்ளைக்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்குங்களேன்" என்றேன். சபை சிரித்தது. ஒரு பெரியவர் கேட்டார்: "பொம்புளப் புள்ளட கையெழுத்து என்னத்துக்கு?"

என்னத்துக்கா? வாழப்போவது அவள்! சுமக்கப்போவது அவள்! நாளைக்கு விவாக வழக்குக் கேட்கிற காதியார் வாசலில் தவம் கிடக்கப்போவதும் அவள்! அவளுடைய கையெழுத்து எங்கே?

சிரித்தவர்களைச் சட்டம் காப்பாற்றுகிறது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மணமகளின் கையெழுத்தைக் கேட்பதில்லை. 12 வயதுக்குக் குறைந்த சிறுமியைக் கூடக் காதி அனுமதித்தால் கட்டிக்கொடுக்கலாம் என்கிறது. நாட்டின் மற்றப் பிள்ளைகளுக்கு 1995இலேயே 18 வயது என்றாகிவிட்டது. நம்முடைய பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? கணவன் காரணம் சொல்லாமல் தலாக் கேட்கலாம். மனைவி பஸ்ஹு என்ற விவாகரத்தைக் கேட்டால் சாட்சியைக் கூட்டிக்கொண்டு அலையவேண்டும். தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவரும் ஆண்தான், ஏனென்றால் பெண் காதியாக முடியாது.

இந்தச் சட்டத்தைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைத்தார்கள். அறிக்கை வந்தது 2018இல். குழு ஆரம்பித்த வருடம் பிறந்த பிள்ளை அறிக்கை வரும்போது நாலாம் வகுப்பு! அந்த அறிக்கையையும் இரண்டாகப் பிளந்துதான் கொடுத்தார்கள். 2023இல் நம்முடைய முஸ்லிம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் நீதி அமைச்சருக்குக் கடிதம் கொடுத்தார்கள், பெண் காதியாக வரக்கூடாது என்று. அந்தக் கடிதத்தில் இருந்ததெல்லாம் ஆண்களின் கையெழுத்து. பெண்ணைத் தடுக்கக் கையெழுத்துப் போடத் தெரிகிறது. அவளுடைய கையெழுத்து எங்கே என்று கேட்டால் மட்டும் மார்க்கம் ஆபத்தில் இருக்கிறதாம்!

பேனையைக் கண்டு நடுங்குவதா மார்க்கம்? கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்மணியை விருப்பமில்லாமல் தகப்பன் கட்டிக்கொடுத்தார். அவர் நேரே நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் போனார். நபிகள் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்தார்கள். புகாரி ஹதீஸில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். 2009இல் பலஸ்தீனத்தில் ஷரீஆ நீதிமன்றத்துக்குப் பெண் நீதிபதிகள் வந்தார்கள். 2010இல் மலேசியாவில் வந்தார்கள். அங்கே வானம் இடிந்து விழவில்லை. கல்முனையில் மட்டும் விழுமா?

"இது பொம்புளைட விசயம், எங்களுக்கென்ன?" என்கிறீர்கள். வாருங்கள், உங்களுக்கென்ன என்று சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி. உயர்தரம் நல்லாய்ப் பாஸ் பண்ணினவன். தங்கச்சிமார் மூன்று பேர். நம்முடைய வழக்கம் தெரியும்தானே? மாப்பிள்ளை வருவதென்றால் பெண்ணுக்கு வீடு கட்டி நிறுத்தவேண்டும். வாப்பா வயலை விற்றார், ஒரு வீட்டுக்கும் காணவில்லை. தம்பி கட்டாருக்குப் போனான். கொங்கிறீட் போட்ட படத்தை வாட்ஸப்பில் பார்த்துப் பார்த்தே அவனுக்கு முடி நரைத்துவிட்டது. அவன் பல்கலைக்கழகம் போயிருக்கவேண்டியவன்! அவனுடைய இளமையைத் தின்றது எது? பெண்ணை வீடோடு சேர்த்துத் தள்ளிவிடவேண்டிய பாரமாக நினைக்கிற புத்தி. நாளைக்கு அவனும் மாப்பிள்ளையாகி, இன்னொரு வாப்பாவிடம் வீடு கேட்பான்!

அப்படி வியர்வை சிந்திக் கட்டின வீடாவது பிள்ளைக்கு மிஞ்சுகிறதா? 2004 டிசம்பர் 26. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை கடலோரத்தில் கடல் தின்ற வீடுகளில் எத்தனையோ பெண்களின் சீதன வீடுகள். வீட்டு உறுதி அவர்கள் பெயரில் இருந்தது. புது வீடு கொடுக்க வந்தவர்கள் "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டார்கள். நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னே போனோம். அவள் வாப்பா கட்டிக்கொடுத்த வீடு போய், புது வீடு பல இடங்களில் புருசன் பெயரில் வந்தது. அங்கேயும் கேட்கிறேன்: அவளுடைய கையெழுத்து எங்கே? நாளைக்கு மருமகன் தலாக் என்று எழுதிக்கொடுத்தால், வாப்பாமாரே, உங்கள் மகள் எந்த வாசலில் நிற்பாள்? அவளும் பிள்ளைகளும் உங்களிடம்தான் வருவார்கள்!

நமக்குப் போராடத் தெரியாதா? 2017இல் சாய்ந்தமருதுக்குத் தனி உள்ளூராட்சிச் சபை வேண்டும் என்று கடைகளைப் பூட்டினோம். சபைக்கு எல்லை கேட்டுத் தெருவில் படுத்த தலைவர்கள், காதி வாசலில் அழுகிற ஒரு பிள்ளைக்காக ஒரு மணித்தியாலம் கடை பூட்டினதுண்டா? வெட்கமாக இல்லையா?

தம்பிமாரே, நாளைக்கு நீங்கள்தான் மாப்பிள்ளை. காவின் புத்தகம் உங்கள் முன்னால் வரும்போது பேனையைக் கீழே வையுங்கள். "முதலில் அவள், பிறகு நான்" என்று சொல்லுங்கள். படிவத்தில் இடமில்லை என்பார்கள். அவளே தன் சம்மதத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரட்டும், சபையில் வாசியுங்கள். அவள் விரும்பித்தான் வருகிறாள் என்று தெரிந்துகொண்டு வாழ்வதை விட ஆணுக்கு என்ன கௌரவம் வேண்டும்? வீடு தா என்று கேட்காதீர்கள். வாப்பாமாரே, கட்டிக் கொடுத்தேதான் ஆகவேண்டும் என்றால் உறுதி மகள் பெயரிலேயே இருக்கட்டும்.

அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் வேறொன்றும் கேட்காதீர்கள். மணமகளின் கையெழுத்தைச் சட்டத்தில் எப்போது எழுதுவீர்கள் என்று கேளுங்கள். திகதி சொன்னால் வாக்கு. இல்லையென்றால் அவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள்!