வான்வழி யாத்திரையும் அந்திக்கு முன் உணவும்

 

இருபத்து நான்கு தீர்த்தங்கரருள் இருபதின்மர் வீடுபேறு எய்திய திருத்தலம் சம்மேத சிகரம். முன்பெல்லாம் தமிழ்ச் சமணர் அங்குச் செல்வதென்றால் புகைவண்டியில் பல நாள் பயணம். ஊரார் கூட்டமாகப் புறப்படுவர். சமையற்காரரும் பாத்திரங்களும் அரிசி மூட்டையும் உடன் செல்லும். பொழுது சாயுமுன் உண்பது அவர்களுக்கு ஒரு சிக்கலாக இருந்ததில்லை. இன்று சென்னையில் விமானம் ஏறி, ராஞ்சியில் இறங்கி, மகிழுந்தில் மதுவனம் சேர்ந்து, மூன்று நான்கு நாட்களில் யாத்திரை முடித்துத் திரும்புகின்றனர். உணவோ விமான நிறுவனத்தார் கையிலும் உணவகத்தார் கையிலும் இருக்கிறது. இரவுண்ணாமை நியமம் பூண்டோர் இந்தக் குறும்பயணத்தை எவ்வாறு மேற்கொள்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

மார்கழி மாதத்தில் யாத்திரை புறப்படும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்க. எழுபது வயதைக் கடந்த பெரியவர், நீரிழிவு நோயுடைய அவர் துணைவியார், மகன், மருமகள், எட்டு வயதுப் பேத்தி. பெரியவர்கள் இருவரும் பல ஆண்டுகளாக இரவுண்ணாமை நியமம் காப்பவர்கள். விமானம் பிற்பகல் ஒரு மணிக்கு. மூன்றரைக்கு ராஞ்சியில் இறங்கி, நான்கு மணிக்குள் உண்டுவிடலாம் என்பது மகனின் கணக்கு. ஆனால் விமானம் முதலில் ஒரு மணி நேரம் தாமதம் என்றனர். பின்னர் இரண்டு என்றனர். முடிவில் நான்கரை மணிக்குத்தான் புறப்படும் என்றனர்.

மகன் சினங்கொண்டு முகப்பில் இருந்த பெண்ணிடம் உரத்த குரலில் பேசத் தொடங்கினார். "வயதானவர்களை இப்படிப் பட்டினி போடுகிறீர்களே!" என்றார். தாமதத்துக்கு அப்பெண் காரணமல்லள். அம்மையார் எழுந்து சென்று மகனின் கையைப் பற்றினார். "தம்பி, இராத்திரி சாப்பிடக் கூடாது என்பதற்காகவா இவ்வளவு கோபம்? சோற்றை விட்டுக் கோபத்தை உண்பதா?" என்றார். பிறகு அப்பெண்ணிடம், "அம்மா, எங்களுக்கு நான்கு மணிக்குள் வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாமல் ஏதேனும் கிடைக்குமா?" என்று கேட்டார். உணவுச் சீட்டு வந்தது. தயிர்சாதமும் வாழைப்பழமும் கிடைத்தன.

இதில் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, உரிமை. உள்நாட்டுப் பயணத்தில் பறக்கும் நேரம் இரண்டரை மணி வரை இருந்து, விமானம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், நிலையத்தில் காத்திருக்கும் பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும் என்பது இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. பறக்கும் நேரம் இரண்டரை முதல் ஐந்து மணி வரையாயின் தாமதம் மூன்று மணி நேரமாக இருத்தல் வேண்டும். இதனைக் கேட்டுப் பெறலாம். இரண்டாவது, கஷாயம். குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கும் ஆன்மாவைக் கட்டுபவை. தசலக்ஷண பர்வத்தின் முதல் நாள் உத்தம க்ஷமைக்கு உரியது. உணவு நியமத்தைக் காக்கப் புறப்பட்டு க்ஷமையை இழப்பவர், பெற்றதைவிட இழந்ததே மிகுதி.

அக்குடும்பத்தின் விமானம் ஐந்தரை மணிக்கு வானில் இருந்தது. மகன் முன்பதிவு செய்திருந்த சமண உணவுப் பொட்டலம் அப்போதுதான் வந்தது. சாளரத்தில் கதிரவன் தெரிந்தான். "அப்பா, சூரியன் இன்னும் மறையவில்லையே, உண்ணலாமே" என்றார் மகன். வானில் மிக உயரத்தில் செல்பவர்க்குத் தொடுவானம் தாழ்ந்து தோன்றுவதால், நிலத்தில் பொழுது மறைந்த பின்னும் சில நிமிடங்கள் கதிரவன் காட்சி தருவான். மேலும், கிழக்கே செல்லச் செல்லப் பொழுது முந்திச் சாயும். மார்கழியில் சென்னையில் ஏறத்தாழ 5.45 மணிக்கு மறையும் கதிரவன், சம்மேத சிகரப் பகுதியில் 5 மணி அளவிலேயே மறைந்துவிடுவான். சென்னைக் கடிகாரத்தை நம்பிச் செல்வோர் முக்கால் மணி நேரத்தை இழப்பர். பெரியவர் சிரித்தார். "இரண்டு நாழிகைக்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்று முன்னோர் சொன்னது, இப்படி வாதம் செய்ய இடமில்லாமல் இருக்கத்தான்" என்றார். இரண்டு நாழிகை என்பது 48 நிமிடம். பொட்டலம் பேத்திக்குப் போயிற்று. குழந்தைக்கு நியமம் இல்லை. அவளை யாரும் வற்புறுத்தவும் இல்லை. தாத்தா ஏன் உண்ணவில்லை என்று அவளே கேட்டாள், பெரியவர் விளக்கினார்.

அம்மையாரின் நிலை வேறு. மருந்தும் நீரும் நீங்கலாகவே அவர் நியமம் ஏற்றிருந்தார். இரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைந்தால் உடனே இனிப்பு உட்கொள்வது மருத்துவம், அதனைத் தள்ளிப்போடலாகாது. தீர்த்தங்கர நாமகர்மத்துக்கு ஏதுவான பதினாறு பாவனைகளுள் தியாகமும் தவமும் சக்திக்கேற்றவை என்றே கூறப்பட்டுள்ளன. நோயுடையோர் மருத்துவரையும் அறவோரையும் கலந்து, தம் நியமத்தின் எல்லையைப் பயணத்துக்கு முன்பே வகுத்துக்கொள்வது நன்று. நடுவானில் நின்று வகுக்க முற்பட்டால் அச்சமும் ஆசையும் அறிவுரை கூற வந்துவிடும்.

உணவகங்களில் "ஜெயின் உணவு" என்று மட்டும் சொல்வது போதாது. பருப்பின் தாளிப்பில் பூண்டும், முன்கூட்டியே அரைத்துக் காய்ச்சிய குழம்பில் வெங்காயமும் கலந்திருக்கும். பொட்டலங்களில் உள்ள பசும்புள்ளி சைவ உணவு என்பதை மட்டுமே காட்டும். கிழங்கையோ பூண்டையோ அது விலக்குவதில்லை. ஆகவே வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். விமானத்தில் சமண உணவு வேண்டுமெனில் குறைந்தது ஒரு நாள் முன்னதாகவே பதிய வேண்டியிருக்கும். வேறு விமானத்துக்கு மாற்றப்பட்டால் அப்பதிவும் உடன் வந்ததா என்று மீண்டும் கேட்டறிதல் வேண்டும். பொரி, அவல், உலர்பழம், வறுகடலை ஆகியவை கைப்பையில் இருப்பது எப்போதும் நலம். கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பற்றும் என்பதால் அதனைப் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். பூசைக்குரிய தூய ஆடை ஒன்று கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வந்து சேராவிட்டாலும் மறுநாள் விடியுமுன் மலையேறத் தடையிராது. பெட்டி வரவில்லை எனில், நிலையத்தை விட்டு வெளியேறுமுன் எழுத்து மூலம் முறையிட்டு நகல் பெற வேண்டும்.

அக்குடும்பம் இரவு வெகு நேரங்கழித்து மதுவனம் சேர்ந்தது. தர்மசாலையில் பெரியவர்கள் வெந்நீர் மட்டும் அருந்திப் படுத்தனர். விடியுமுன் பெரியவரும் மகனும் மலையேறினர். ஏற்றம், மேலே திருவடிகளின் வலம், இறக்கம் என ஒவ்வொன்றும் ஒன்பது கிலோமீட்டர் அளவு, ஆக இருபத்தேழு. அம்மையார் டோலியில் சென்றார். திரும்பும் நாளில் விமானம் மறுபடியும் தாமதமாயிற்று. இம்முறை மகன் முகப்புக்குச் சென்று தாழ்ந்த குரலில் பேசினார். பேத்தி கைப்பையைத் திறந்து அவல் பொட்டலத்தை எடுத்து, "தாத்தா, நாலு மணி ஆகப்போகிறது" என்றாள்.

யாத்திரை செல்லும் ஒவ்வொரு குடும்பமும் புறப்படுமுன் சென்று சேரும் ஊரின் பொழுது மறையும் நேரத்தைக் குறித்துக்கொள்க. குழந்தைகளிடமே அப்பொறுப்பைக் கொடுக்க. அறம் வளர்க!