பழம்பிளவுகளும் நம் கடற்கரையும்



குமரி மாவட்டத்தின் மேலைக் கடலோரத்தில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இடையே இனயம் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அங்கே மணலை ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். வெண்மணலோடு கருமணலும் செம்மணலும் கலந்திருக்கும். கருமை இல்மனைட்டு, செம்மை கார்னெட்டு. இவ்வோரத்திலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலேதான் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் 1909இல் மோனசைட்டைக் கண்டறிந்தார். இவையெல்லாம் கடலில் பிறந்தவை அல்ல. மலைப்பாறைகளில் பிறந்து, ஆறுகளால் கொணரப்பட்டு, அலைகளால் புடைக்கப்பட்டவை.

அப்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முதுமை உடையவை. அந்நாளில் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா முதலியன ஒரே பெருநிலமாக இணைந்தன. அந்த நெரிசலில் பாறைகள் ஒன்றையொன்று உராய்ந்து நழுவின. அப்போது விழுந்த வடுக்களுள் ஒன்று அச்சன்கோவில் பிளவு மண்டலம். அது தென்கிழக்கிலிருந்து வடமேற்காக மலையைக் கடந்து செல்கிறது. கேரளத்தில் அச்சன்கோவில் ஆறு இன்றும் அத்தடத்தைப் பற்றியே ஓடுகிறது.

மடித்து மடித்து வைத்த பழைய வேட்டி, இழுத்தால் மடிப்பிலேதான் கிழியும். நிலமும் அத்தகையதே. அப்பெருநிலம் பிரியத் தொடங்கியபோது சோழநாட்டுக் கரையில் பழைய நலிவுக் கோடுகளையொட்டி நிலம் பாளம் பாளமாக இறங்கியது. இடையிடையே மேடுகள் நின்றன. இறங்கிய பள்ளங்களில் ஆறுகள் வண்டலைக் கொட்டின, கடலும் புகுந்தது. இதுவே காவிரிப் படிவுப் படுகை. சில இடங்களில் படிவு 5 கிலோமீட்டருக்கும் மிகுந்த கனமுடையது. அரியலூரில் கடலுயிர்களின் கல்லுருக்கள் கிடைப்பதும், நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பதும் இதனாலேயே.

இனயத்துக்கு அத்தகைய செல்வமில்லை. மடகாஸ்கர் ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த பின்னர் உருவான மேலைக்கரை இது. இங்கே கரைநிலத்தின் அடியில் கடும்பாறை; மேலே மெல்லிய மணற்போர்வை. தென்மேற்குப் பருவத்தில் அலை அப்போர்வையை உரிக்கிறது. பருவம் தணிந்தால் ஓரளவு திருப்பித் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல் முறிந்தால் வீடுகளே கடலுக்கு இரையாகும்.

2016இல் இனயத்தில் பெருந்துறைமுகம் அமைக்க மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. மீனவ மக்கள் எதிர்த்தனர். பின்னர் வேறிடம் நாடப்பட்டது. அவர்தம் அச்சத்தை அறியாமை என்று தள்ளுவோர் மண்ணியலை அறியாதவர் என்பேன். கடலுக்குள் நீளும் சுவர், கரையோரமாக நகரும் மணலை ஒரு பக்கம் தேக்கும். மறுபக்கக் கரை மெலியும். மலையிலிருந்து வரும் மணலோ ஆற்று அணைகளிலும் மணல் அள்ளுவோர் கையிலும் பாதி வழியில் நின்றுவிடுகிறது.