மதில் மட்டும் நின்றால் போதுமா?



பினாங்கு ஜார்ஜ் டவுனில் காதிர் முகைதீன் தலைமையில் தமிழ் முஸ்லிம்கள் 1801-இல் நிறுவியது கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அந்தப் பழைய நகரைக் காக்க 1986-இல் பினாங்கு மரபுரிமை அறக்கட்டளை என்ற குடிமக்கள் அமைப்பு எழுந்தது. இடிப்புகளை எதிர்த்துக் குரல் கொடுத்தது. 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் நகரம் இடம்பெற்றது. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால், 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை ஏறியது. தலைமுறைகளாக வாழ்ந்த பல குடும்பங்கள் வெளியேறின. சுவர் நின்றது, குடியிருந்தவர் போய்விட்டார்!

சந்தை விலை விரட்டும் ஏழைக்கு வக்ஃப் வீடே நிழல். வக்ஃப் கடைகளில் வணிகம் செய்யும் பெருமக்களே! பாட்டனார் கொடுத்த வாடகையையே இன்றும் கொடுத்தால், அந்த வீட்டின் கூரையை யார் வேய்வது? இளைஞர்களே! உங்கள் ஊர் வக்ஃப் பத்திரங்களைத் தேடிப் படியெடுங்கள்; எல்லைகளை அளந்து எழுதுங்கள். நகரத் திட்டத்துக்கு ஆட்சேபனை தெரிவிக்கும் நாளில் ஆவணமே பேசும், ஆவேசம் பேசாது.