திறவா ஏடுகள்: கணிப்பொறித் தமிழும் கவிஞர் கடமையும்



பத்தாண்டு நிறைவு மலரில் வாழ்த்துரைகளும் நினைவுரைகளும் இடம்பெறுதல் மரபு. அவற்றினிடையே, கவிதை எழுதப்பட்ட பின்னர் அது எங்கே, எவ்வாறு இருக்கிறது என்னும் வினாவும் ஒருமுறை எழுப்பப்படுதல் தகும். எழுதிய கவிதையின் கையெழுத்துப்படி தொலைந்துபோயிருக்கும். அச்சுநூலின் படிகள் தீர்ந்திருக்கும். எஞ்சியது கணிப்பொறிக் கோப்பு ஒன்றே. அக்கோப்பும் வேறொரு கணிப்பொறியில் திறவாது. திறந்தாலும் தமிழாகத் தெரியாது. இவ்வுரை அந்நிலையின் காரணத்தையும், அதற்குக் கவிஞர் ஆற்றவேண்டிய கடமையையும் பற்றியது.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் எழுதுவோருள் பலர் தொழிற்கூடங்களில் பணிபுரிவோர். அவர்களுக்கு இக்காரணத்தை விளக்குதல் எளிது. லேத்துப் பட்டறையில் வேலை பழக வரும் இளைஞன் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று மரை பற்றியது. அங்குலக் கணக்கில் மரை வெட்டிய போல்ட்டு, மில்லிமீட்டர்க் கணக்கில் வெட்டிய நட்டில் ஏறாது. இரண்டும் இரும்பே, இரண்டும் குறையற்ற வேலைப்பாடே, எனினும் பொருந்தா. வலிந்து முறுக்கினால் இரண்டின் மரையும் அழியும். இங்கிலாந்தில் பட்டறைதோறும் மரை வேறுபட்டிருந்த நிலையில், 1841இல் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர் அனைவருக்குமான பொது அளவொன்றை முன்மொழிந்தார். கணிப்பொறியில் தமிழ் புகுந்த காலத்தில் அத்தகைய பொது அளவு நடைமுறையில் இல்லை. எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மரையை வெட்டினர்.

கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் உடன்பாடே குறியேற்றம் எனப்படும். 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் முறையில் 128 இடங்களே இருந்தன. அவை ஆங்கிலத்துக்கே போதுமானவை. பின்னர் இடங்கள் 256 ஆகப் பெருகின. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளைக் கொண்ட தமிழை அவ்விடங்களுள் அமர்த்த, ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் வடிவத்தை வரைந்து வைக்கும் வழி மேற்கொள்ளப்பட்டது. ஈழத்தமிழரிடையேயும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் 'தமிழ்' என்னும் சொல், கணிப்பொறியின் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. பாமினி எழுத்துரு உள்ள கணிப்பொறியில் அது தமிழ். இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கூட்டம்.

1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது. பெரியார் 1935 முதல் குடியரசு இதழில் கையாண்ட வடிவங்கள் அதனால் பொதுவழக்காயின. ஆயின், கணிப்பொறியில் வடிவம் ஒன்றாயிருந்தும் எண் ஒன்றாகவில்லை. கண்ணுக்கு ஒரே தமிழ்; பொறிக்குப் பல தமிழ்.

இக்குறையை நீக்க எழுந்த முயற்சி, தமிழறிஞரும் பொறியாளரும் ஒருங்கே உழைத்த அரிய வரலாறாகும். அதன் தொடக்கத்தில் கவிதைக்கும் இடமுண்டு. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் தாங்கி வெளிவந்த இணையப்பக்கத்தில் தமிழ் ஏற உழைத்தவர், எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி. 1997 மே திங்களில் சிங்கப்பூரில் நிகழ்ந்த தமிழ்நெட் 97 கருத்தரங்கும் அவர் முயற்சியால் கூடியதே. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடைபெற்றது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் இரு குறியேற்றங்களும் அதன் பயனாக விளைந்தன. அவ்வாண்டிலேயே கோவிந்தசாமி மறைந்தார். இவற்றோடு ஒருங்கே, பல நாட்டுத் தமிழர் கலந்துபேசி வகுத்த டிஸ்கி என்னும் குறியேற்றமும் பரவிற்று. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அதற்கு உழைத்தோருள் முதன்மையானவர். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரும் அவரே. சங்க நூல் முதல் இக்கால இலக்கியம் வரை தன்னார்வலர் தட்டச்சு செய்து வழங்கிய அத்திட்டமும், முதலில் டிஸ்கியில் அமைந்த நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்ற நேர்ந்தது.

ஒருங்குறி என்பது உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் பொதுமுறை. அதன் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டது. உயிர்மெய்களுள் அகரமேறியவற்றுக்கு மட்டும் தனியிடம் தந்து, மற்றவற்றை அவற்றோடு உயிர்க்குறியைச் சேர்த்து எழுதும் அமைப்பு தமிழின் இயல்புக்கு ஒவ்வாது என அறிஞர் பலர் வாதிட்டனர். எல்லா எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ் 16 என்னும் முறை அவ்வாதத்தின் விளைவு. 2010 ஜூனில், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த வேளையில், தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் டேஸ் 16ஐயும் தரமாக ஏற்று ஆணையிட்டது. இன்று கைப்பேசியில் எழுதப்படும் தமிழ் ஒருங்குறித் தமிழே.

அங்ஙனமாயின் இடர் தீர்ந்தது என்று கருதுதல் இயல்பு. தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. கவிஞர் கைப்பேசியில் ஒருங்குறியில் எழுதி அச்சகத்துக்கு அனுப்புகிறார். அச்சகங்கள் பலவற்றில் நூல் கட்டமைக்கப் பயன்பட்ட பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள் தமிழ் ஒருங்குறியை ஏற்காது. அதன் கடைசிப் பதிப்பு 2001இல் வெளிவந்தது. அம்மென்பொருளைப் பயன்படுத்தும் இடங்களில் கவிதை பழைய எழுத்துருவுக்கு மாற்றப்படுகிறது. மெய்ப்புத் திருத்தம் முதல், இரண்டு, மூன்று என நடப்பது அந்த மாற்றப்பட்ட கோப்பில்தான். கவிஞர் இறுதியில் நீக்கிய அடியும், சேர்த்த சொல்லும், மாற்றிய தலைப்பும் அச்சகத்தின் கோப்பில் மட்டுமே உள்ளன. கவிஞரின் கைப்பேசியில் இருப்பது திருந்தாத முதற்படி. பதினைந்தாண்டு கழித்து இரண்டாம் பதிப்புக்கு முயல்வோர் முதற்படியையே எடுத்து அச்சிடும் இடர் இங்குதான் நேர்கிறது. பாடபேதம் என்பது ஓலைச்சுவடிக்கு மட்டும் உரியதன்று.

கோப்பு கிடைத்து, மாற்றிகளின் துணையால் ஒருங்குறிக்குக் கொணர்ந்தாலும் கவனம் வேண்டும். சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ், நியூ ஹொரைசன் மீடியாவின் மாற்றி முதலியன தமிழுக்குப் பேருதவி புரிந்தவை. எனினும் பழைய எழுத்துருவின் குறையை எந்த மாற்றியும் முழுமையாக அறிய இயலாது. பாமினியில் 'ஔ' என்பதற்குத் தனி இடம் இல்லை. ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டே அவ்வெழுத்து அமைக்கப்பட்டது. அதனை அப்படியே மாற்றினால் ஔவையார் 'ஒளவையார்' ஆகிறார். கண்ணுக்கு வேறுபாடு தோன்றாது. ஔவையைத் தேடுவோர்க்கு அவர் அகப்படார். இதனைத் திருத்த, ஒகர ளகரம் வருமிடமெல்லாம் 'ஔ' என்று கொள்க என விதி செய்தால், 'ஒளி' என்னும் சொல் சிதைகிறது. அவ்வாறே 'கௌ' என்பதன் பொருட்டுச் செய்த விதி 'வெள்ளம்' என்பதைக் கெடுக்கிறது. எது ஔவை, எது ஒளி என்று பிரித்தறிவது மொழியறிந்த கண்ணுக்கே கூடும்.

கவிதைக்கு மற்றுமோர் இழப்பு உண்டு. உரைநடையில் வரி எங்கே மடிகிறது என்பது பொருளன்று. கவிதையில் அதுவே பொருள். பழைய கோப்பிலிருந்து பாடலைப் படியெடுக்கும்போது அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும், பத்திகளுக்கிடையே விட்ட வெளி மறைவதும், வெண்பாவின் சீர்பிரிப்புக் குலைவதும் நேர்கின்றன. எழுத்துப் பிழையைப் பிறர் திருத்தலாம்; அடிப்பிரிப்பை எழுதியவரன்றி யார் அறிவார்?

இந்த எல்லைப்பகுதிக்கே உரிய சிக்கலும் ஒன்று உண்டு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் ஓசூர். பெங்களூர் இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். இங்கு எழுதப்படும் கவிதையில் கன்னடச் சொல்லும், மொழிபெயர்ப்பில் கன்னட மூலமும், தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரும் ஒரே பக்கத்தில் வருதல் இயற்கை. கன்னடத்திலும் நுடி, பரஹ என எழுத்துருக் குறியேற்றங்கள் பல வழங்கின. பழைய முறையில் அமைந்த கோப்பில் தமிழும் கன்னடமும் அதே எண்களில் அமர்ந்திருக்கும்; எழுத்துருவின் பெயர் ஒன்றே வேறுபாடு. அப்பெயர் அழிந்தால் கன்னட வரி பொருளற்ற தமிழாகும். மாற்றியில் இட்டால் ஆங்கிலப் பெயரும் பொருளற்ற தமிழாகும். ஒருங்குறியிலோ தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் தனித்தனி 128 இடங்கள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்றன் இடத்தை மற்றொன்று கவராது மூன்றும் ஒரே கோப்பில் வாழ இயலும். இருமொழிக் கவிஞர்க்கு இது சிறு பயன் அன்று.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் மிகுதி. ஆநிரை மீட்டு மாண்ட வீரனின் பெயரும் அரசனின் ஆட்சியாண்டும் அவற்றில் தெளிவாக வெட்டப்பட்டிருந்தும், அவ்வெழுத்து வழக்கொழிந்தபின் ஊர்மக்கள் அவற்றை வேடியப்பன் எனத் தொழுதனரேயன்றிப் படிக்க இயலவில்லை. கல் அழியவில்லை, எழுத்தை அறிந்தோர் மரபு அறுந்தது. கல்வெட்டறிஞர் வந்து படிக்கும்வரை அவை மௌனமாக நின்றன. கல்லுக்கு அக்காலம் வரை காத்திருக்கும் ஆற்றல் இருந்தது. நெகிழ்வட்டுக்கும் குறுந்தகட்டுக்கும் அவ்வாற்றல் இல்லை. 1.44 மெகாபைட் கொள்ளும் நெகிழ்வட்டைப் படிக்கும் கருவி இன்றைய கணிப்பொறிகளில் பொருத்தப்படுவதில்லை. கோப்பு திறவாமைக்கு ஊடகம், மென்பொருள், குறியேற்றம் என மூன்று பூட்டுகள் உள்ளன. ஒன்றைத் திறப்பதால் மற்றவை திறவா.

எனவே கவிஞர் மேற்கொள்ளத்தக்க கடமைகள் சில. நூல் அச்சேறியவுடன் அச்சகத்திடமிருந்து இறுதிக் கோப்பையும், அதில் பயன்பட்ட எழுத்துருவையும், மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் கேட்டுப் பெறுதல் முதலாவது. பி.டி.எஃப். கோப்பு மட்டும் போதும் என்று அமைதல் கூடாது. அது பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும்; பழைய எழுத்துருவில் அமைந்ததாயின் அதிலிருந்து எழுத்தைப் படியெடுத்தால் குப்பையே கிடைக்கும். இரண்டாவது, இறுதிக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றி, அச்சிட்ட நூலோடு அடிக்கு அடி ஒப்புநோக்கி மெய்ப்புத் திருத்துதல். இது கவிஞர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே செய்யப்படவேண்டிய பணி. மூன்றாவது, திருத்திய பாடத்தை எளிய உரைக்கோப்பாகவோ, 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட ஓப்பன் டாக்குமெண்ட் வடிவிலோ, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல்; ஊடகம் மாறுந்தோறும் புதியதற்குப் படியெடுத்தல். நான்காவது, அச்சு நூலின் படிகளைப் பொது நூலகங்களுக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் தவறாது அளித்தல். கோப்பு முழுதும் கெட்டாலும் தாளிலிருந்து மீட்க வழியுண்டு.

இவற்றைத் தனியொருவராகச் செய்தல் அரிது. ஒரு வட்டமாகச் செய்தல் எளிது. திங்கள்தோறும் கூடும் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒருவர் படிக்க மற்றொருவர் திரையில் ஒப்புநோக்கினால், ஓராண்டில் தொகுப்புகள் சில காக்கப்படும். முதலில் எடுக்கவேண்டியவை மறைந்த கவிஞர்களின் படைப்புகள். அவர்தம் இல்லத்துப் பெட்டிகளில் உள்ள வட்டுகளும் தகடுகளும் இன்னது என்று அறியப்படாமல் பழைய பொருள்களோடு கழிக்கப்படும் நாள் தொலைவில் இல்லை.

உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர்தோறும் நடந்தபோது, சில ஊர்களில் அவருக்கு முன்னரே தீயும் நீரும் ஏடுகளைக் கொண்டுசென்றிருந்தன. அக்காலத்தவர்க்கு ஏட்டின் அருமை தெரியாதிருந்தது என்று கூறி ஆறுதல் கொள்ளலாம். அருமை தெரிந்தும் வாளாவிருக்கும் தலைமுறைக்கு அவ்வாறுதல் இல்லை. பத்தாண்டு நிறைவுற்ற இவ்வட்டம், வரும் பத்தாண்டின் முதற்பணியாக இதனை ஏற்குமாக. இம்மலரின் இறுதிக் கோப்பே அப்பணியின் முதற்கோப்பாக அமையட்டும்.