அரியாப் புல்
(கல்பாக்கத்தில் ஆற்றிய உரை)



இக்கூட்டத்திற்கு வரும் வழியில் தம்பி ஒருவர், "ஐயா, 'கட் பண்ணாத புல்' என்பதைத் தமிழில் ஒரே அடைமொழியால் சொல்ல முடியுமா?" என்று வினவினார். முடியும். அரியாப் புல் என்று சொல்லுங்கள்.

அரிதல் என்றால் அறுத்தல். அரியும் வாள் அரிவாள். கதிரை அரிந்தபின் கழனியில் நிற்கும் அடித்தாள் அரிதாள். அரிவாள் என்று நாள்தோறும் சொல்லும் நாம், அதன் வினையை மட்டும் மறந்தது ஏன்?

'அரியாத' என்பதன் ஈறாகிய தகரம் கெட்டு, 'அரியா' என நிற்கிறது. இதனை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பர் இலக்கணத்தார். இதன்பின் வல்லினம் மிகும். ஆதலால் 'அரியாத புல்'லில் இல்லாத ஒற்று 'அரியாப் புல்'லில் தோன்றுகிறது. இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. செல்லாக் காசு என்று அங்காடியில் சொல்கிறோமே, அதுவும் இதுவே.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. இடையின ரகரத்தை வல்லின றகரமாக்கி 'அறியாப் புல்' என எழுதினால், நமக்குத் தெரியாத புல் என்று பொருள் மாறிவிடும்.

இன்னும் ஒரு நுட்பம் காண்க. அரியாப் புல் என்பது அரியப்படாத புல். அரியா வாள் என்பது கூர் மழுங்கி அரியாத வாள். அடை ஒன்றே, வேறுபாட்டைக் காட்டுவது பின்வரும் பெயர். மேலும், எதிர்மறைப் பெயரெச்சம் முக்காலத்திற்கும் பொது. நேற்றும் அரியாதது, இன்றும் அரியாதது, நாளையும் அரியாதது, யாவும் அரியாப் புல்லே.

இம்முக்காலப் பொருளுக்கு உங்கள் கடற்கரையே சான்று. பாக்கம் என்பது நெய்தல்நிலத்து ஊரைக் குறிக்கும் சொல். இக்கரை மணலில் படரும் இராவணன்மீசை என்னும் புல், கணுதோறும் வேர்விட்டு மணலைப் பிணித்து நிறுத்துகிறது. அதனை அழித்தால் மணல்மேடு காற்றில் சிதறும். மணல்மேடோ கடலுக்கு எதிரே இயற்கை எழுப்பிய அரண். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இவ்வூரைத் தாக்கியதைக் கண்ட உங்களுக்கு அவ்வரணின் அருமையை நான் சொல்லவேண்டுவதில்லை.

ஆகவே, வரப்புப் புல்லை அரியுங்கள். அஃது ஆவிற்கு உணவு. மணல்மேட்டுப் புல்லை என்றும் அரியாப் புல்லாகவே விடுங்கள். புல்லைக் காப்பதுபோல் அச்சொல்லையும் வழங்கிக் காப்பீர்களாக!